ஊதாப் பூவின் பிரசவமும் பழனாத்தா அக்காவின் கிரைண்டரும்

செல்வி, மூர்த்தி, நீங்கள் இருவரும் ரொம்ப நாளாகக் கேட்டதால் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததைத் திருத்தாதீர்கள். நடந்தது இப்படித்தான்.

போன வாரம் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக ஒரு மேசை வாங்கியிருக்கிறார்கள். காற்றின் மேல் மிதக்கிற மேசை. வெளியே லாரி போனாலும் அதன் மேல் வைத்த தண்ணீர் அசையாதாம். அதன் மேல் நுண்ணோக்கி, பக்கத்தில் டிவி மாதிரி ஒரு திரை. அதைக் காட்டிய ஆராய்ச்சி மாணவி என்னிடம், "இது இல்லாத காலத்துல எப்படிங்க ஐயா படம் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"தெருவுல சொல்லி வெச்சுட்டுதாம்மா எடுப்போம்" என்றேன்.

சிரித்தாள். அவள் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து நிலக்கரிச் சுரங்க நகரியத்துக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். காண்டிராக்ட் ஆள். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே அனுப்புவார்கள். ஒருநாள், "செல் ஆராய்ச்சின்னு ஒண்ணு வந்திருக்கு, அங்க போ" என்றார்கள். ஜெயில் செல் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

போய்ப் பார்த்தால் அது ஒரு குவார்ட்டர்ஸ். ஆய்வகத்துக்கென்று தனிக் கட்டடம் இன்னும் கட்டி முடியாததால், ஒரு குடியிருப்புத் தெருவில் காலியாக இருந்த வீட்டைக் கொடுத்திருந்தார்கள். முன் அறையில் நுண்ணோக்கி. சமையலறையில் கண்ணாடிக் குடுவைகள். சாமான் அறையின் ஜன்னலை அடைத்து, படம் கழுவும் இருட்டறை. அங்கே டாக்டர் ஞானாம்பாள் என்று ஓர் அம்மா இருந்தார். தென்காசிப் பக்கம். வந்த புதிதில் தெருப் பெண்கள் காய்ச்சல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். "நான் செடிக்குத்தான் டாக்டர்" என்று அவர் சொன்னதும், மறுநாள் பூசணிக்கொடியில் பூச்சி என்று வந்தார்கள்.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் சொல்ல மாட்டார். "மழை வருமாம்மா?" என்று கேட்டால் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இப்போ வரல" என்பார். "சாப்டீங்களாம்மா?" என்றால், தட்டைப் பார்த்துவிட்டு, "பாதி" என்பார். கோபம் வந்து பார்த்ததில்லை. நான் கண்ணாடிச் சில்லு உடைத்த நாளில்கூட, கீழே குனிந்து எண்ணிப் பார்த்து, "நாலா உடைஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

வேலை கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி கழுவ, சர்க்கரைக் கரைசல் கலக்க, இருட்டில் தடவிப் படம் கழுவ, மூச்சை மெதுவாக விட. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

செல் என்றால் என்ன என்று உங்களுக்குப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். எனக்கு அவர் இப்படிச் சொன்னார். உயிருள்ள எதுவும் சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மெல்லிய தோல் உண்டு, சவ்வு என்று பெயர். காய்ச்சிய பால் ஆறினால் மேலே ஆடை படிகிறதே, அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. எதை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது என்று அது பார்த்துக்கொள்ளும். நம் சுரங்க வாசல் செக்யூரிட்டி மாதிரிதான், ஆனால் பீடி கேட்காது. வளர வேண்டுமென்றால் ஓர் அறை இரண்டு அறையாகும். செடியில் அது நடக்கும்போது நடுவில் புதிதாக ஒரு சவ்வும் சுவரும் எழும்பும். அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் படிந்த செடியில் அந்தச் சுவர் நேராக எழுகிறதா, கோணலாக எழுகிறதா என்பதுதான் அம்மாவின் ஆராய்ச்சி. அதற்கு முதலில், சாம்பல் படாத நல்ல செடியில் ஒரு செல் பிரிவதை ஆரம்பம் முதல் முடிவு வரை, உயிரோடு, படம் எடுக்க வேண்டும்.

எடுத்த விதத்தைச் சொல்கிறேன். பின்கட்டில் தொட்டியில் ஊதாப் பூச்செடி வளர்த்தோம். வாய்க்கால் ஓரத்துக் கானாவாழைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். விரியாத மொட்டைப் பிரித்தால் மகரந்தக் காம்பில் பூனை மீசை மாதிரி மயிர் இருக்கும். அந்த மயிர் ஒவ்வொன்றும் பாசிமணி கோத்தது போல, செல் செல்லாக வரிசையாக இருக்கும். ஊசி முனையால் காம்பை எடுத்து, கண்ணாடியில் ஒரு சொட்டுச் சர்க்கரைக் கரைசலில் வைத்து, மேலே மெல்லிய சில்லை மூடி, காய்ந்துவிடாமல் ஓரத்தில் வாஸ்லின் தடவ வேண்டும். விளக்குச் சூட்டில் செல் செத்துப்போகும் என்பதால், விளக்குக்கு முன்னால் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர்க் குடுவை நிற்கும். வெளிச்சம் குறைவு என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் காமிராவின் கண்ணைச் சில விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் மேசை அசைந்தால் படம் கலங்கிப் போகும்.

எல்லாப் படமும் கலங்கித்தான் போயிற்று.

"சுரங்கத்துல மிஷின் ஓடுதுல்ல, அதான்" என்று நான் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மேசையில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். பார்த்தேன். தண்ணீரில் வளையம் வளையமாக வந்தது. சீராக வந்தது. சுவரில் காதை வைத்தேன். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஒரு கல் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் பழனாத்தா அக்கா. பல்லடத்துக்காரர். வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஃபிட்டர். அக்கா ஊரிலிருந்து ஒரு பெரிய மாவு கிரைண்டர் கொண்டு வந்து, தெரு முழுவதற்கும் மாவு அரைத்துக் கொடுத்துவந்தார். பெல்ட் போட்டு மோட்டாரில் ஓடுகிற கிரைண்டர். அது ஓடினால் எங்கள் வீட்டுக் குடுவைகளுக்குப் பல் ஆடும்.

நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். பாவம், நிறுத்தினார். அப்புறம்தான் தெரிந்தது, கிரைண்டர் சத்தத்துக்குப் பின்னால் எத்தனை அதிர்வு ஒளிந்திருந்தது என்று. எதிர்வீட்டில் உலக்கை. மூன்றாம் வீட்டில் பிள்ளைகள் கயிறு தாண்டும். ஷிப்ட் முடிந்து வருகிறவர் சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற வேகத்தில் தண்ணீர் கிண்ணத்தைவிட்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஒன்றை அடக்கினால் அடுத்தது பெரிதாகத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரு முழுக்க நிக்கணும்" என்றார்.

இதற்கிடையில் ஒரு செய்தி வந்தது. பெரிய பேராசிரியர் ஒருவர் தலைமையில் குழு வருகிறது, இந்தப் பிரிவு தேவையா என்று பார்க்க. முழுப் படத்தொகுப்பு ஒன்றாவது காட்டாவிட்டால் மூடிவிடுவார்கள். நுண்ணோக்கி வேறு ஊருக்குப் போகும். அம்மாவின் இத்தனை வருட உழைப்பு போகும். காண்டிராக்ட் ஆளான நான் எங்கே போவேன் என்று யாரும் யோசிக்கவில்லை, என்னையும் உங்கள் அம்மாவையும் தவிர. அப்போதுதான் எங்களுக்குக் கல்யாணமாகியிருந்தது.

அதனால் தெருக்கூட்டம் போட்டோம். பலாமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்தார்கள், ஷிப்ட் இல்லாத ஆண்கள் நின்றார்கள். தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் மாசிலாமணி அண்ணன் அதே தெருவில்தான் இருந்தார். அவர்தான் ஆரம்பித்தார்.

"என்னா கலியபெருமாளு, பேச்சுவார்த்தை இல்லாம ஒரு தெருவையே அசையாதன்னு சொல்றதுக்கு நீ யாரு? காலைல வந்து தூங்கிகினு இருக்கிற சி ஷிப்ட்காரனும் அசையாமதான் கெடக்குறான். அத எந்தக் கணக்குல சேப்ப?"

அம்மா எழுந்து நின்றார். "ஒரு செல் ரெண்டா ஆகப் போகுது. ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது. முடியற வரைக்கும் தரை அசையக் கூடாது."

"எத்தன நேரமாகுமுங்க?" என்றார் பழனாத்தா அக்கா.

"சொல்ல முடியாதுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி."

"உள்ளுக்குள்ள என்ன ஆகுமுங்க?"

"நடுவுல ஒரு உருண்டை இருக்கும். அது முதல்ல வீங்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும். அப்புறம் திடீர்னு இழுக்கும்."

அக்கா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க, இது பிரசவமுங்க! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாங்கூட என்னமோ ஆராச்சின்னு நெனச்சுப் பயந்து போயிட்டேன்."

"பிரசவம் இல்லைங்க" என்றார் அம்மா.

"பின்ன?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவர் எழும்பும்."

மாசிலாமணி அண்ணன் நிமிர்ந்தார். "செவுரா? அப்ப இது பாகப்பிரிவினை. எங்க வூட்ல அப்படித்தான் ஆச்சி. நடுவுல செவுரு வெச்சானுவோ, கெணறு அவன் பக்கம் போயிட்டுது. இன்னும் கேஸு நடந்துகினு இருக்குது."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிரசவம் என்று ஒரு பக்கம், பாகப்பிரிவினை என்று ஒரு பக்கம். அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "பாகம் பிரிக்கறதுக்கெல்லாம் என்ற கிரைண்டர நிறுத்த முடியாதுங்க. அவங்கவங்க அடிச்சுக்கட்டும். பிரசவம்னா சொல்லுங்க, அன்னைக்கு இட்லியே வேண்டாமுன்னு வுட்டர்றேன்."

அம்மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "ஆமாங்க" என்று சொன்னால் போதும். அவர் நன்றாக யோசித்தார். யோசித்துவிட்டு, "ரெண்டும் இல்லைங்க" என்றார்.

மாசிலாமணி அண்ணன்தான் காப்பாற்றினார். எதையும் முறைப்படி செய்கிறவர். "ஓட்டுக்கு விடுவோம். பிரசவம்னு சொல்றவங்க கை தூக்குங்க." தூக்கினார்கள். பெண்கள் எல்லாரும் தூக்கினார்கள், அவர்களைப் பார்த்து வீட்டுக்காரர்களும் தூக்கினார்கள். பிரசவமே என்று முடிவாயிற்று. அம்மா என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். அது மேலே இருந்தது.

குறித்த நாள் வந்தது. ஏ ஷிப்ட் பஸ் போன பிறகு, சுரங்கத்தில் மதிய வெடி போடுவதற்கு முன்பு என்று பேச்சு. விடிந்ததும் அக்கா வந்து ஆய்வக வாசலில் வேப்பிலை செருகினார். "இதுக்கு அவசியமில்லைங்க" என்றார் அம்மா. "தாயி, நீங்க உள்ள பாருங்க, வெளிய நாங்க பாத்துக்கறோம்" என்றார் அக்கா. தெருமுனையில் மாசிலாமணி அண்ணன் சிவப்புக் கொடியோடு நின்றார், சுரங்கத்தில் வெடி வைக்கிறபோது பிடிக்கிற அதே கொடி. சங்கத் தொண்டர்கள் இருவர் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, வருகிற சைக்கிள்காரர்களை இறங்கித் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மயிர் மயிராகத் தேடினார். வெகுநேரம் கழித்து விரலைத் தூக்கினார். செல் கிடைத்துவிட்டது. உருண்டை வீங்கியிருந்தது. நான் ஜன்னல் வழியாகத் துண்டை அசைத்தேன். தெரு நின்றது.

பிள்ளைகளே, ஒரு தெரு நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குழாயடியில் குடங்கள் அப்படியே. அவரவர் வாசலில் அவரவர் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் உலக்கையை மடியில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

படம் எடுத்தோம். உருண்டைக்குள் நூல் நூலாகத் தெரிந்ததை எடுத்தோம். நடுவில் வந்து வரிசை கட்டியதை எடுத்தோம். காமிராவிலிருந்து எடுத்த பிலிம் தகடுகளை நான் இருட்டறைக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு வருவேன். படம் கழுவுவதற்கு முன்னால் அந்த மூடியை வெளிச்சத்தில் திறந்தால் அத்தனையும் பாழ்.

அப்படி ஒரு தடவை திரும்பி வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் ஒரு ஜீப் நின்றது. மாசிலாமணி அண்ணன் கொடியைக் குறுக்கே பிடித்திருந்தார். குழு. மறுநாள் வர வேண்டியவர்கள், இன்றே வந்துவிட்டார்கள்.

அங்கே நடந்ததை அண்ணன் பிறகு சொன்னார். தலைவர், வெள்ளைமுடிப் பேராசிரியர், இறங்கி, "யாருப்பா நீ? நாங்க ஆய்வகத்துக்குப் போகணும்" என்றிருக்கிறார்.

"பிரசவம் நடந்துகினு இருக்குதுங்க ஐயா. இப்ப போவ முடியாது."

"ஆய்வகத்திலயா?"

"ஆமாங்க. கொஞ்சம் சிக்கலான கேஸு. ஷூவக் கழட்டிட்டு அப்படி ஓரமா ஒக்காருங்க. பேசாதீங்க."

பேராசிரியர் பெருந்தன்மையான மனிதராகத்தான் இருக்க வேண்டும். பிரசவம் என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை. மூன்று பேரும் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்து வந்து, அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். தலைவருக்குக் கவிழ்த்துப் போட்ட அண்டா. நம் பிரிவை மூட வந்தவர், அது மூடாமலிருக்க அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாது.

உள்ளே நூல்கள் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓரமும் போய்விட்டன. இனி நடுவில் சுவர் எழ வேண்டும். எழவில்லை. அம்மா கண்ணை எடுக்காமல் காத்திருந்தார். அந்த இடத்தில் செல் கொஞ்சம் தாமதிக்கும் என்பது அவருக்குத் தெரியும். வெளியே இருந்தவர்களுக்குத் தெரியாது. ரொம்ப நேரமாகச் சேதி வராததைக் கண்டு, பழனாத்தா அக்கா எழுந்து, வெறுங்காலோடு, தரை நோகாமல் உள்ளே வந்தார்.

என் காதருகில் வந்து, "நின்னு போச்சா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அது பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விட்டது.

"எங்கூர்ப் பக்கம் வலி நின்னு போச்சுன்னா வூட்டுல மூடி கெடக்கறது எல்லாத்தையும் தொறந்து வுடுவோம் தம்பி. பொட்டி, பூட்டு, சட்டி, எல்லாத்தையும். அப்பத்தான் வழி பொறக்கும்."

சொல்லிக்கொண்டே திறக்க ஆரம்பித்தார். சத்தமே இல்லாமல். அலமாரிக் கதவு. கண்ணாடிப் பெட்டி. வாஸ்லின் டப்பா. மை புட்டி. நான் கத்த முடியாது, ஓட முடியாது. காமிராவின் கண் திறந்திருந்தது. நான் கையைக் கூப்பினேன். என் நீளமான கும்பிடைப் பார்த்து அவரும் கும்பிட்டார், மரியாதைக்காக. பிறகு இருட்டறைக் கதவைத் திறந்தார்.

தரையில் குதிகால் படாமல் அவர் பின்னால் போனேன். தகரப் பெட்டி, துண்டுக்கு அடியில். அவர் கண் நேராக அங்கேதான் போயிற்று. எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அவருக்கு முன்னால் போய் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி கண்ணு" என்று கிசுகிசுத்தார். "அதுல என்ன இருக்குது?"

"அதுல பாதி புள்ளை இருக்குதுக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. ஆனால் உண்மைதானே, பாதிப் படம் அதில்தான் இருந்தது.

அக்கா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வேற எதையாச்சும் தொற."

திறந்தேன். உட்கார்ந்தபடியே என் டிபன் கேரியரைத் திறந்தேன். சட்டைப் பொத்தானை எல்லாம் திறந்தேன். பொடி டப்பா, டார்ச் லைட்டின் பின்மூடி, சாவிக்கொத்து வளையம். கடைசியில் மூலையில் இருந்த குடையை எடுத்து, அந்தச் சின்ன அறையில், மெதுவாக விரித்தேன்.

முன் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சுவர் வருது."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்குப் பிரசவம் என்றாலும் குடை கொண்டுவரச் சொல்வார். மூர்த்தி, நீ பிறக்கும்போதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெயிலே இல்லாத இடத்தில் நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று கேட்டாயே ஒருமுறை, அதனால்தான்.

சுவர் நடுவில் மெல்லிய கோடாகத் தொடங்கி இரண்டு பக்கமும் வளர்ந்தது. கடைசித் தகட்டை எடுத்தோம். அம்மா நிமிர்ந்து, "முடிஞ்சுது" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். தெரு அப்படியே இருந்தது. முடிந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லையே. பேராசிரியர் மடியில் ஷூவோடு அண்டாமேல் இருந்தார்.

பழனாத்தா அக்கா முன்னால் வந்தார். "என்னங்க ஆச்சு?"

"ரெண்டு" என்றார் அம்மா.

தெருவில் ஒரு முனகல் எழுந்தது. ரெட்டை.

"ரெண்டும் நல்லா இருக்குதுங்களா?"

"ரெண்டும் நல்லா இருக்கு."

"தாயி?"

நான் மனதுக்குள் கும்பிட்டேன். அம்மா, இந்த ஒரு தடவை. ஆனால் அவர் என்ன செய்வார், பார்த்ததைத்தானே சொல்வார்.

"தாய் இல்லைங்க."

ஐயோ என்று எதிர்வீட்டு அம்மாள் உலக்கையைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்த வீடு. தெரு முழுக்க அழுகை. மாசிலாமணி அண்ணன் கொடியைத் தாழ்த்தினார். "ரெட்டைப் புள்ளைய உட்டுட்டுப் பூட்டுதே" என்று ஒருத்தி ராகம் எடுத்துவிட்டாள். இதற்குப் பிறப்புத் தீட்டா, சாவுத் தீட்டா, குழாயடியில் தண்ணீர் பிடிக்கலாமா கூடாதா என்று ஒரு பக்கம் சண்டை. அனுதாபத்துக்கு அரைநாள் லீவு கேட்கலாமா என்று தொண்டர் ஒருவர் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார். "ரத்த சொந்தம் இல்லாததுக்கு எவன்டா குடுப்பான்" என்று அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அக்கா அழவில்லை. நேராகப் பேராசிரியரிடம் போனார். "நீங்க படிச்சவங்களாட்டத் தெரியுதுங்க. நீங்க சொல்லுங்க. தாய் இருக்காளா, இல்லையா?"

பேராசிரியருக்கு அதற்குள் இது எந்தப் பிரசவம் என்று புரிந்துவிட்டது. சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அண்டாவிலிருந்து எழுந்தார். கால் மரத்துப்போயிருந்ததால் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சாகலம்மா" என்றார். "செத்தா உடம்புன்னு ஒண்ணு மிஞ்சணும். இங்க மிச்சமே இல்லை."

"அப்போ இருக்குன்னும் சொல்ல முடியாது சார்" என்றார் அம்மா வாசலிலிருந்து. "தேடிப் பார்த்தா இல்லை."

"ரெண்டுக்குள்ளயும் இருக்கே!"

"ரெண்டும் புதுசு சார். பழைய சவ்வு எங்க போச்சு? ரெண்டாப் பங்கு போட்டுக்கிட்டதா, புதுசா நெய்ததா? அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

இருவரும் இங்கிலீஷுக்குப் போய்விட்டார்கள். பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். வெகுநேரம் வரவில்லை. தெரு அழுவதா வேண்டாமா என்று காத்திருந்தது. அக்காதான் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "பொணமும் இல்ல, ரெண்டும் அவளேதான்னா எதுக்குங்க அழுவோணும்? பேரு வெக்கற வேலையும் மிச்சம். சக்கரை எடுத்தாங்க."

பேராசிரியர் வெளியே வந்தபோது அவர் உள்ளங்கையில் சர்க்கரை வைத்தார்கள். நக்கிச் சாப்பிட்டார். அவருடன் வந்த இருவரும் சாப்பிட்டார்கள்.

பிறகு அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒரு தொகுப்பு பத்தாது. ஒண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நல்ல செடி, சாம்பல் பட்ட செடி, ரெண்டுலயும் திரும்பத் திரும்ப எடுக்கணும். அதுவரைக்கும் இதை மூட முடியாது." என் பக்கம் திரும்பினார். என் சட்டைப் பொத்தான் இன்னும் திறந்துதான் இருந்தது. "இவர் காண்டிராக்டா? இவர் இல்லாம இந்த வேலை நடக்குமா?"

அம்மா என்னைப் பார்த்தார். யோசித்தார்.

"நடந்து நான் பார்த்ததில்லை" என்றார்.

பெர்மனென்ட் ஆர்டர் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. என் வேலைக்கு என்ன பெயர் வைப்பது என்று அலுவலகத்தில் குழம்பியிருக்கிறார்கள். கடைசியில் 'உதவியாளர் (அசைவின்மை)' என்று போட்டார்கள். ஓய்வு பெறும் வரை சம்பளச் சீட்டில் அதுதான். அதற்கு மேல் பதவி எதுவும் இல்லாததால் எனக்குப் பதவி உயர்வும் வரவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தப் பிரசவம் முடிந்து சில நாளிலேயே பின்கட்டில் அடுத்த மொட்டு தயாராகிவிட்டது. அம்மா என்னிடம், "சொல்லிட்டு வாங்க" என்றார். நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா அரிசியைக் கிரைண்டரில் போட்டு அப்போதுதான் ஓடவிட்டிருந்தார்.

"அக்கா, நாளைக்குக் காலைல…"

அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "மறுபடியுமா?"

"ஆமாங்க்கா."

"பச்ச ஒடம்பு தம்பி அது! ஆஸ்பத்திரிச் செவுத்துல அத்தாப்பெரிசு செகப்பு முக்கோணம் போட்டு எழுதி வெச்சிருக்குது, ஒரு புள்ளைக்கும் அடுத்ததுக்கும் எடைவெளி வுடுங்கன்னு. உங்க டாக்டரம்மா படிச்சவங்கதானே? படிக்கலயா?"

கல் கடகடவென்று சுற்றியது.

"சரி, நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, அக்கா இன்னொரு படி அரிசியை அள்ளிக் கிரைண்டரில் கொட்டினார். "நாளான்னைக்கு மாவையும் இன்னைக்கே ஆட்டி வெச்சரோணும். நீ போயி எதிர்வூட்டுல உலக்கையப் படுக்கப் போடச் சொல்லு."